பிலிம் தீர்ந்த முகூர்த்தம்: கல்யாண போட்டோ பற்றி வாசகர் கேள்விகள்

(கல்யாண போட்டோ, ஆல்பம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பை நிறைந்துவிட்டது. கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கல்யாணங்களைப் படமெடுத்துவரும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

*கேள்வி: ஆவணியில் மகள் கல்யாணம் முடிந்தது. இரண்டு போட்டோகிராபர், ஒரு வீடியோ, போதாததற்கு ஒரு டிரோன். இத்தனை இருந்தும் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் முதுகும் நாத்தனாரின் முழங்கையும்தான் தெரிகின்றன. பெண்ணின் முகமே இல்லை. யார் தப்பு இது?*
*— ஒரு தாயார், மன்னார்குடி*

முதலில் அந்த டிரோனை விடுங்கள் அம்மா. மண்டபத்துக்குள் அதற்கு என்ன வேலை? அது கிளப்பிய காற்றில் ஹோமகுண்டத்துச் சாம்பல் பறந்து, ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டு எழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தப்பு நின்ற இடத்தில். கெட்டிமேளம் எழும்பி மூன்று முடிச்சும் விழுந்து முடிய, கூடிப்போனால் இருபது விநாடி. அதுவரை உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அந்த நிமிஷம் பார்த்து எழுந்துவிடுவார்கள். முன்வரிசையில் செல்போன் வேலி. அரைமணி நேரமாக அழகாகத் தெரிந்துகொண்டிருந்த பெண் திடீரென்று கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி ஆகிவிடுவாள். மாப்பிள்ளை குனிவார், பெண் தலையைத் தாழ்த்துவாள், கழுத்தில் முழங்கை பருமனுக்கு மாலை, பின்னால் பூ வைத்துத் தைத்த ஜடை, அதற்கும் பின்னால் விளக்கோடு நாத்தனார். இதற்குள் முகம் எங்கே தேடுவது? நின்றபடி எடுக்கிறவனுக்கு வகிடுதான் கிடைக்கும். முழங்கால் போட்டு, மணவறைப் பலகை உயரத்துக்குக் கேமராவை இறக்கினால், தாழ்த்திய முகமும் தெரியும், முடிச்சுப் போடுகிற விரலும் தெரியும்.

நான் முந்தின நாள் ராத்திரியே ஐயரைப் பிடித்துவிடுவேன். காபி வாங்கிக் கொடுத்து இரண்டே கேள்வி: மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதம் வாங்க எந்தப் பக்கமாகச் சுற்றி வரும்? மாப்பிள்ளை எந்தப் பக்கம் நின்று கட்டுவார்? வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். ஒரே ஊரில், ஒரே சாதிசனத்தில்கூட மாறும். காலையில் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை: “அக்கா, முடிச்சுப் போடும்போது பொண்ணு மாலையை ஒரு விரற்கடை தூக்கிப் பிடிச்சுக்குங்க.” நான் மேடையில் மாப்பிள்ளைக்கு எதிர்ப்பக்கம், கிட்டே நின்று அகலமாக எடுக்கும் 35 மி.மீ. லென்ஸோடு. கூட வரும் பையன் மண்டபத்துக்குள் நாற்காலி மேல் ஏறி, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 லென்ஸோடு. அவனுக்கு முகம், எனக்குக் கை. ஷட்டர் வேகத்தை 250-இல், அதாவது ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கில், வைத்தால் அட்சதை அந்தரத்தில் மணி மணியாக நிற்கும். 60-இல் வைத்தால் மழைக்கோடு மாதிரி இழுக்கும். எனக்கு மணிதான் பிடிக்கும், பையனுக்குக் கோடு.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு தடவை தாலி கட்டும் படத்தையே கோட்டைவிட்டவன். 1993, வைகாசி. என் குருநாதர் யாஷிகா கேமராவில் ‘120’ என்கிற வகை பிலிம் ரோல் போட்டு எடுத்தவர். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மூச்சை அடக்கிக்கொள்வார். நான் 36 படம் எடுக்கும் கேமராவோடு தனியாகத் தொழிலுக்கு வந்தவன், கை தாராளம். ஊஞ்சல், மாலை மாற்றல் என்று அள்ளித் தெளித்துக்கொண்டே வந்தேன். கெட்டிமேளம். பட்டனை அமுக்கினேன், ஒரு படம் விழுந்தது. அடுத்ததற்கு லீவரை இழுத்தால் வரவில்லை. 36 முடிந்துவிட்டது. பிலிமைத் திருகிச் சுற்றி, பின்மூடியைத் திறந்து, புது ரோல் போட்டு நிமிர்ந்தபோது மாப்பிள்ளை கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா பாக்கி 600 ரூபாயைக் கொடுக்கவில்லை. கேட்கிற முகமும் எனக்கு இல்லை. அந்தக் கடைசிப் படத்தையாவது கழுவிப் பார்ப்போம் என்று பார்த்தால், மேளச் சத்தத்தில் நான் திடுக்கிட்டு ஆடியதில் மேடையை விட்டுவிட்டு, கரண்டியோடு எட்டிப்பார்த்த சமையல்காரர் தெளிவாக விழுந்திருக்கிறார். அவருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன், சந்தோஷப்பட்டார்.

அன்றிலிருந்து மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றக் கிளம்பினால் ரோலை மாற்றிவிடுவேன், எட்டுப் படம் மிச்சம் இருந்தாலும். இப்போது ரோல் இல்லை. அதே நேரத்தில் கார்டையும் பாட்டரியையும் மாற்றுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான் அம்மா. ஆல்பத்தைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். இரண்டு பேர் கேமராவில் இருந்த மொத்தப் படங்களையும் கேட்டு வாங்கி, கெட்டிமேளத்துக்கு அப்புறம் ஒரு நிமிஷத்தில் விழுந்த படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முடிச்சு விழுந்து மாப்பிள்ளை விலகியதும் பெண் நிமிர்வாள். கண்ணில் தண்ணீர் நிற்கும், அல்லது தோழியைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும். ‘தாலியும் கையும் இல்லையே’ என்று ஆல்பம் டிசைன் செய்கிறவர் அதை ஒதுக்கியிருப்பார். பெரும்பாலும் உங்கள் படம் அங்கேதான் கிடக்கும்.

*கேள்வி: நான் நல்ல கறுப்பு. ஆல்பத்தில் ரோஸ் நிறத்தில் இருக்கிறேன். மாமியார் புரட்டிப் பார்த்துவிட்டு “இது யாரு?” என்று கேட்டுவிட்டார். ஸ்டூடியோவில் கேட்டால் “எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க மேடம்” என்கிறார்கள். சரிசெய்ய முடியுமா?*
*— புது மணப்பெண், விருதுநகர்*

முடியும். ஆனால் அச்சடித்த ஆல்பத்திலிருந்து முடியாது. கேமராவில் விழுந்த மூலக் கோப்பு, அதாவது ரா ஃபைல், அவர்களிடம் இன்னும் இருக்க வேண்டும். ஆல்பம் கொடுத்து சில மாதத்தில் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. இன்றைக்கே கேளுங்கள்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் வெளுத்தோம். நெகட்டிவை ஒரு விளக்குப் பெட்டி மேல் சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளி வைப்போம். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுப்பு ஏறும். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் அம்மாக்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: “கொஞ்சம் நிறமா வர்ற மாதிரி.” செய்தேன். எத்தனை பெண்களை எத்தனை மாப்பிள்ளை வீட்டார் நேரில் பார்த்துவிட்டு போட்டோவோடு ஒப்பிட்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனாலும் பென்சிலுக்கு ஒரு முகத்துக்கு அரைமணி நேரமாவது வேண்டும். இப்போது ஒரே அளவை நாலாயிரம் படத்துக்கும் சேர்த்து ஒரு நொடியில் ஏற்றிவிடலாம்.

எப்படி ஏற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். நம் ஊர்த் தோல், எந்த நிறமாக இருந்தாலும், கம்ப்யூட்டருக்கு ஆரஞ்சு வகையறாதான். அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி, நிறத்தின் அழுத்தத்தை இறக்கினால் முகம் வெளுக்கும். சிக்கல் என்னவென்றால் தங்கமும் அதே வீட்டுக்காரன். மஞ்சள் கயிறும், மருதாணியும், பட்டின் ஜரிகையும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆக, ஆல்பத்தில் உங்கள் காசுமாலையைப் பாருங்கள். பால் ஊற்றிக் கழுவிய மாதிரி வெளிறியிருந்தால், மருதாணி போன மாசம் வைத்தது மாதிரி மங்கியிருந்தால், முகத்தில் கைவைத்திருக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தால் அது வேறு. மேக்கப் போட்டவர் உங்கள் நிறத்தைவிட இரண்டு படி ஏற்றிப் பூசியிருக்கிறார், பிளாஷ் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

படமெடுக்கும்போதே பாதி கெடுகிறது. பக்கத்தில் மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் பளபளவென்று இருப்பார். கேமராவை அதன்போக்கில் விட்டால் அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் நிறைய இருக்கிறதென்று ஏமாந்து படத்தை இருட்டாக்கும். முகம் அடுப்புக்கரி மாதிரி விழும். அப்புறம் கம்ப்யூட்டரில் இழுத்து இழுத்து வெளிச்சம் ஏற்றுவார்கள், நிறம் சாம்பல் பூக்கும். முகத்தைப் பார்த்து வெளிச்சம் அளந்தால் இந்தக் கூத்தே இல்லை. கறுப்பு முகத்துக்கு நேராகப் பிளாஷ் அடிப்பதைப்போல ஒரு அநியாயம் கிடையாது. ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்காரவைத்துப் பாருங்கள்; கன்னத்திலும் மூக்குத்தி ஓரத்திலும் ஒரு எண்ணெய் மினுமினுப்பு ஏறும். சிவந்த முகங்களில் அது அவ்வளவு வராது. எனக்குப் பிடித்த படங்களில் பாதி அப்படி எடுத்தவை.

நான் வைத்திருக்கும் கணக்கு சுலபம். பத்து நாளில் தானாகப் போய்விடுவதை எடுத்துவிடலாம்: பரு, கொசுக்கடி, தூக்கமில்லாத கருவளையம், மாலை உரசிய சிவப்பு. பத்து நாளில் போகாததில் கைவைக்கக் கூடாது: மச்சம், தழும்பு, நிறம். அடுத்து உங்கள் வீட்டில் கல்யாணம் வைக்கும்போது முன்பணச் சீட்டிலேயே இதை எழுதி வாங்குங்கள்.

*கேள்வி: சில படங்களை மட்டும் கருப்பு வெள்ளையில் கொடுத்திருக்கிறார். கலைநயம் என்கிறார். உண்மையா?*
*— ஆசிரியர், நாமக்கல்*

சில நேரம். பல நேரம் அந்தப் படத்தில் நிறம் கெட்டுப்போயிருக்கும், மறைக்கிறார்.

ஒரு சோதனை உண்டு. பெண்ணின் நெற்றியைப் பாருங்கள். குங்குமச் சிவப்பும் மாநிறமும் கருப்பு வெள்ளைக்குப் போனால் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். வெறுமனே நிறத்தை உருவிப்போட்டால் நெற்றி மொட்டையாகிவிடும். தெரிந்தவர் சிவப்பை மட்டும் தனியாக இருட்டாக்கிக் குங்குமத்தைக் காப்பாற்றியிருப்பார். அது இருந்தால் கலைநயம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். நான் தொழில் பழகியது ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கருப்பு வெள்ளை பிலிமில். அப்போது நிறத்தை மறைக்க வழியில்லை, ஏனென்றால் நிறமே இல்லை.

*கேள்வி: ரிசப்ஷன் படங்களில் எல்லோர் முகமும் ஊதா, நீலம். சில படங்களில் பின்னாலிருக்கும் திரையில் பட்டை பட்டையாகக் கோடு. எடிட்டிங்கில் போகாது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?*
*— மாப்பிள்ளையின் அண்ணன், ஓசூர்*

இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது நிஜம். மேடை அலங்காரக்காரர் எல்.இ.டி. விளக்கை நீலத்தில் வைத்து முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டால், கேமராவுக்கு நீலம் மட்டும்தான் போய்ச் சேரும். சிவப்பும் பச்சையும் அங்கே விழவே இல்லை. விழாததை எங்கிருந்து மீட்பது? பழைய குண்டு பல்பு மஞ்சள் என்றால் அதில் எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், திருத்திவிடலாம். இதில் அதுவும் இல்லை.

கோடு விழுவது விளக்கின் துடிப்பால். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி. பல்பும் விநாடிக்கு நூறு தடவை மின்னி மின்னி அடங்கும். ஷட்டர் 50 அல்லது 100-இல் இருந்தால் கேமரா முழுத் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும். ஆயிரத்தில் வைத்தால் பாதித் துடிப்பைப் பிடித்துப் பட்டை போடும். பெரிய எல்.இ.டி. திரைக்குத் துடிப்பு வேறு கணக்கு. விருந்தினர் வருமுன் நாலைந்து வேகத்தில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

செலவில்லாத வைத்தியம்: அலங்காரக்காரரிடம் “கலர் லைட் எல்லாம் பின்னால சுவத்துக்கு, முன்னால ரெண்டே ரெண்டு வெள்ளை லைட்டு” என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். போட்டோகிராபர் சொன்னால் அவர் கேட்க மாட்டார். எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது.

*கேள்வி: 4,200 படம் பென் டிரைவில் கொடுத்து “நீங்களே செலக்ட் பண்ணிக் குடுங்க, 40 ஷீட்” என்கிறார். மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறோம். வீட்டில் சண்டைதான் மிச்சம். ஒரு வழி சொல்லுங்கள்.*
*— தம்பதி, பெரம்பலூர்*

ஒரு ஷீட்டுக்கு, அதாவது விரித்த இரண்டு பக்கத்துக்கு, மூன்று படம் என்று வையுங்கள், 120 படம். அதற்கு மேல் போனால் ஆல்பம் தபால்தலைக் கண்காட்சி.

முதல் நாள் நல்ல படத்தைத் தேடாதீர்கள். கண் மூடியது, வாய் திறந்தது, ஆடியது, ஒரே நொடியில் எடுத்த ஏழு படத்தில் ஆறு, இவற்றைக் கழியுங்கள். ஆயிரத்துக்கு இறங்கும். இரண்டாம் நாள் நீங்கள் இருவரும் வேண்டாம். உங்கள் இரண்டு வீட்டிலும் உறவுமுறை விரல்நுனியில் வைத்திருக்கிற அத்தையோ பெரியம்மாவோ ஒருவர் இருப்பார், அவரை உட்காரவையுங்கள். “தாய்மாமன் சீர் எங்கே? சம்பந்தி மரியாதை எங்கே? அவரு படம் இல்லேன்னா அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டாரே” என்று அவரே எடுத்துக் கொடுப்பார். மூன்றாம் நாள் உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். சண்டை வருவது இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான்.

இனி டிசைனர் சங்கதி. கொஞ்சம் கணக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆல்பம் 12-க்கு 36 அளவாக இருக்கும். விரித்தால் உயரம் 12 அங்குலம், அகலம் 36. ஒன்றுக்கு மூன்று. கேமராப் படமோ இரண்டுக்கு மூன்று. 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 6000-க்கு 4000 புள்ளி. அதை ஷீட் முழுக்கப் பரப்ப வேண்டுமென்றால் உயரத்தில் 4000-இல் 2000-ஐ வெட்டியாக வேண்டும். சரிபாதி போச்சு! மேலே கோபுரம் வெட்டுப்படும், கீழே கால் வெட்டுப்படும். மிச்சத்தை 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 167 புள்ளிதான். நல்ல அச்சுக்கு 300 இருந்தால் நிம்மதி. அது போதாதென்று ஷீட்டின் நட்டநடுவே மடிப்பு. தனி முகம் ஒன்றை விரித்துப் போட்டால் மூக்கு மடிப்பில் உட்காரும். என் ஸ்டூடியோவிலேயே ஒரு டிசைனர் பையன் ஒரு பாட்டியை அப்படி இரண்டாக மடித்துவிட்டான். அந்த ஷீட்டை மறுபடி அடித்த செலவு என்னுடையது.

அதே ஆல்பத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள்: 12-க்கு 18. அது இரண்டுக்கு மூன்று! கேமராப் படம் ஒரு நூல் வெட்டாமல் அச்சாக உட்காரும். அங்குலத்துக்கு 300-க்கு மேலேயே புள்ளி கிடைக்கும். ஆகையால் முழு விரிப்பு நாலைந்து போதும், கூட்டமாக அகலவாக்கில் எடுத்த படங்களுக்கு: பந்தி, நாதஸ்வரக் கோஷ்டியோடு வரும் ஜானவாசம், மண்டபத்து வாசல். மற்றதெல்லாம் பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. இதை மனத்தில் வைத்துத்தான் நான் எடுக்கும்போதே தலைக்கு மேலே கையகலம் இடம் விடுவேன். ‘ஏன் சார் இவ்வளவு காலி?’ என்று பையன்கள் கேட்பார்கள். காலி இல்லை, கத்தரிக்கோலுக்கு ஒதுக்கின பங்கு.

ரோஜாப்பூ, பட்டாம்பூச்சி, ஆங்கிலத்தில் காதல் வாசகம் எல்லாம் வேண்டாமென்று எழுதிக் கொடுங்கள். நானும் ஒரு காலத்தில் ஒயின் கிளாசுக்குள் மாப்பிள்ளையையும் தாமரைக்குள் பெண்ணையும் மிக்ஸிங் செய்து காசு பார்த்தவன்தான். அந்த ஆல்பங்களை இப்போது பிள்ளைகள் சிரிப்பதற்காக எடுக்கிறார்கள். அதற்கும் முந்தைய கறுப்புத்தாள் ஆல்பம், நாலு மூலைக்கும் கார்னர் ஒட்டி, நடுவில் சிலந்திவலை போட்ட பட்டர் பேப்பர் வைத்தது, அதைப் பார்த்து யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

*கேள்வி: எங்கள் அழகான படம் ஒன்றில் பின்னால் ஒரு பெரியப்பா கொட்டாவி விடுகிறார். செல்போனிலேயே அழித்துவிடலாமாமே? மனைவி வேண்டாம் என்கிறாள்.*
*— புது மாப்பிள்ளை, திருப்பூர்*

மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

நானும் அழிக்கிறவன்தான். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில், சுவரில் தொங்கும் வயர், மணவறைத் தூண் பக்கத்தில் யாரோ விட்டுப்போன மஞ்சப்பை, எல்லாவற்றையும் எடுப்பேன். ஆளை எடுப்பதில்லை. காரணம் தத்துவம் எதுவும் இல்லை, கடை அனுபவம்.

எங்கள் ஸ்டூடியோவுக்கு விடியற்காலையில் ஷட்டரைத் தட்டுகிறவர்கள் உண்டு. வீட்டில் ஒரு சாவு. கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் மாலை போட்டு வைக்கவும் படம் வேண்டும். ஆதார் அட்டைப் படம் உதவாது. அவர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஒரு கல்யாண ஆல்பம். போன வருஷம் ஒரு பையன் வந்தான், அப்பா தவறிப்போய்விட்டார். விவசாயி, வாழ்நாளில் ஸ்டூடியோ பக்கம் போகாதவர். யாரோ பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் வலது ஓரம், மூன்றாவது வரிசை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்க்காமல் எதையோ பார்த்துச் சிரிக்கிறார். முகம் கட்டைவிரல் நகத்தளவு. அதைத்தான் பெரிதுபண்ணிக் கொடுத்தேன். அது நான் எடுத்த படமே இல்லை. எடுத்தவர் அந்த ஓரத்தை வெட்டாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான்.

அதனால் குரூப் போட்டோவில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, 8-க்குச் சுருக்குவேன், பின்வரிசைக் காதுகூடத் தெளிவாக விழ வேண்டும். பின்னணியை மங்கலாக்கி மணமக்களை மட்டும் தூக்கிக்காட்டுகிற லென்ஸ்கள் என்னிடமும் இருக்கின்றன, 85 மி.மீ. ஒன்று கடன் வாங்கி வாங்கினேன். மணமக்களை மட்டும் எடுக்கும் நேரத்துக்கு அது. சனம் நிற்கும்போது பைக்குள் போய்விடும்.

கொட்டாவிப் பெரியப்பாவைப் பற்றி: அதே நொடியில் எடுத்த பக்கத்துப் படங்களைப் பாருங்கள். வாயை மூடியிருப்பார்.

*கேள்வி: போட்டோகிராபர் எங்களைக் கேட்காமல் எங்கள் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டு விளம்பரம் செய்கிறார். படம் அவருடையதுதானே என்கிறார். அப்படியா?*
*— ஒரு வாசகி, கோவை*

அப்படி இல்லை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. ‘வேறு ஒப்பந்தம்’ என்பதில்தான் விஷயம். முன்பணம் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே பொடி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் வழக்கம்: கேட்பேன், பத்தில் எட்டுப் பேர் சரி என்பார்கள், மற்ற இருவர் படம் என்னிடமே தூங்கும்.

*கேள்வி: அண்ணா, காலேஜ் படிக்கிறேன். தையில் அக்கா கல்யாணம். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கு. நான் எதை எடுக்கட்டும்?*
*— ஒரு தம்பி, பட்டுக்கோட்டை*

மேடைப்பக்கம் போகாதே தம்பி. அங்கே ஏற்கெனவே நாலு பேர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். தாலி கட்டும்போது போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அட்சதையைக் கையில் எடுத்துக்கொள், உன் அக்கா அல்லவா.

மற்ற நேரம் எங்கள் ஆட்கள் போகாத இடமெல்லாம் உன்னுடையது. விடிகாலை நாலு மணிக்குப் பெண்ணின் அறையில் அத்தைகள் பூத்தொடுத்துக்கொண்டே பழைய கதை பேசுவார்கள்; விளக்கைப் போடச்சொல்லாதே, வாசல் பக்கத்து வெளிச்சத்தில் எடு. கொட்டகையில் அண்டாவில் சாம்பார் கொதிக்கிற ஆவிக்குப் பின்னால் ஆளை நிறுத்தி, வெயில் அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி பார்த்து எடு. புகை பூத்துக் கொடுக்கும். வாசலில் செருப்புக் குவியல். பந்தியில் இலையை நோக்கிக் குனிந்த வரிசை, ஒரு கோடியிலிருந்து. தூங்கிப்போன குழந்தைகள், நாற்காலி நாற்காலியாக.

ஜூம் பண்ணாதே, நடந்து கிட்டே போ. சந்தனமும் எண்ணெயுமான கையால் போனைத் தொட்டுத் தொட்டு லென்ஸ் மூடிப்போயிருக்கும், மணிக்கொரு தரம் வேட்டித் தலைப்பால் துடை.

மொய் எழுதுகிறவரைக் கண்டிப்பாக எடு. நான் பார்த்த எந்த ஆல்பத்திலும் அவர் இருந்ததில்லை. நோட்டிலிருந்து தலை நிமிரவே மாட்டார், நாலைந்து தடவை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். யாராவது 101 கொடுத்துவிட்டு 501 என்று எழுதச் சொன்னால் நிமிர்வார், அப்போது எடுத்துவிடு.